பைதன் படிக்கும் தம்பிக்கு ஒரு வழி சொல்லுங்கள்

வணக்கம் அண்ணாமார், அக்காமார்.

களுவாஞ்சிகுடியில் உயர்தரம் படிக்கும் என் தம்பி பைதன் என்ற கணினி நிரல் மொழியைப் புத்தகத்தில் மட்டுமே படிக்கிறான். லூப் (சில வரிகளைத் திரும்பத் திரும்ப ஓடவிடுவது) என்றால் என்ன என்று கேட்டால் அழகாக விளக்குவான். சொந்தமாக நாலு வரி எழுதச் சொன்னால் கை ஓடாது. புத்தகமும் பைதன் 2 காலத்தது. அதில், திரையில் எழுத்தைக் காட்டும் பிரிண்ட் கட்டளைக்கு அடைப்புக்குறி இல்லை. 2008இல் வந்த பைதன் 3இல் அப்படியே அடித்தால் பிழை காட்டும். அந்தப் பிழையை வாசித்துத் திருத்துவதுதான் பாதிப் படிப்பு என்பது என் எண்ணம். ஆனாலும் புத்தகத்தை விடச் சொல்ல மனமில்லை; பல மதிப்புகளைச் சேர்த்து வைக்கும் லிஸ்ட்டைப் பிறகு மாற்றலாம், அதேபோல் சேர்த்து வைக்கும் டியூப்பிளை மாற்ற முடியாது என்பதெல்லாம் அவனுக்கு அதில்தான் விளங்கியது.

வீட்டில் கணினி இல்லை, போன் மட்டும்தான். அதிலேயே எழுதி ஓடவிட்டுப் பழகியவர்கள் எப்படிச் செய்தீர்கள்? எந்தப் பயிற்சியில் தொடங்கலாம்? கல்முனை, மட்டக்களப்புப் பக்கம் சனி, ஞாயிறில் பக்கத்தில் இருந்து காட்டித்தர யாராவது இருந்தால் சொல்லுங்கள், நானே கூட்டிக்கொண்டு வருவேன்.