முதலில் பின்பக்கத்தைத்தான் திருப்பிப் பார்த்தார்

பட்டர்வொர்த்திலிருந்து:

கைவேலை செய்கிறவர்கள் இன்னொரு கைவேலைக்காரரைச் சந்தித்த கதையைக் கேட்டிருந்தீர்கள். என்னுடையது கொஞ்சம் வெட்கக்கேடு. பரவாயில்லை, சொல்கிறேன்.

வீட்டில் இருந்தபடியே ஆரி வேலை செய்கிறேன். கல்யாண பிளவுஸ்தான் அதிகம். ஒருநாள் ஃபெரி ஏறிப் பினாங்குத் தீவுக்குப் போய், பினாங்கு ஸ்ட்ரீட்டில் ஜரிகையும் மணியும் வாங்கிக்கொண்டு ஆர்மீனியன் ஸ்ட்ரீட் பக்கம் நடந்தேன். ஒரு கடை வாசலில் வயதான நியோன்யா (மலாய் வழக்கங்கள் கலந்த பெரனாக்கான் சீனப் பெண்) ஆன்ட்டி 'காசுட் மானேக்' தைத்துக்கொண்டிருந்தார். மணி வேலை செய்த செருப்பின் முகப்பு அது. மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய கட்டம் போட்ட துணி, ஒரு கட்டத்துக்கு ஒரு கண்ணாடி மணி. மணி கடுகைவிடச் சின்னது. ஊசி நுனியாலேயே ஒன்றைக் கோத்து எடுப்பார், சாய்வாக ஒரு தையல், அடுத்த மணி. ஒரு ரோஜா இதழுக்கு மட்டும் நாலு விதச் சிவப்பு! கால் வலிக்கும்வரை நின்று பார்த்தேன்.

நானும் இந்த வேலைதான் என்று மலாயில் சொன்னதும், 'காட்டு' என்றார். பையில் பாதி முடித்த பிளவுஸ் கை ஒன்று இருந்தது. பெருமையாகத்தான் நீட்டினேன். மாங்காயையும் மயிலையும் பார்க்காமல், முதலில் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். ஒரு நூல் வால் நீட்டிக்கொண்டிருந்தது. பிடித்து இழுத்தார். சர்ரென்று என் மாங்காயில் நாலு விரல் நீளம் உருவிக்கொண்டு வந்துவிட்டது.

ஆரித் தையல் சங்கிலிதானே. கொக்கி ஊசி கீழிருந்து நூலைக் கண்ணியாக மேலே இழுக்கும், ஒரு கண்ணி அடுத்த கண்ணியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். கடைசிக் கண்ணியின் தலைமேல் சின்னதாக ஒரு தையல் போட்டு, நூலைக் கீழே இறக்கி முடிச்சிடாவிட்டால் மொத்தமும் அவிழும். எனக்குத் தெரியாததா? அவசரத்தில் விட்டிருக்கிறேன். இரண்டு மாதம் முன்பு ஒரு கல்யாணப் பெண், 'டின்னர் அன்றைக்குக் கை உருவிப் போச்சுக்கா' என்று போன் செய்தாள். நூல் சரியில்லை என்று அவளிடமே சாதித்திருந்தேன். ஆன்ட்டி எதுவும் சொல்லவில்லை, 'ஹாலுஸ்' என்று மட்டும் விரலால் தடவிக் காட்டினார். வேலை நுணுக்கம்தான் என்று பாராட்டா, இன்னும் நுணுக்கமாக வேண்டும் என்றா, இன்றுவரை தெரியவில்லை.

அந்தப் பெண்ணின் பிளவுஸைக் கேட்டு வாங்கி, காசு வாங்காமல் தைத்துக் கொடுத்தேன்.

செந்தூலிலிருந்து:

அக்கா, பின்பக்கம் என்றதும் என் போர்வை ஞாபகம் வந்துவிட்டது. அம்மா போன பிறகு அவர் சேலைகளை வெட்டி ஒட்டுப்போர்வை தைத்தேன். நம் ஊர் வெக்கைக்குப் பஞ்சு தாங்காது, அடிப்பக்கத்துக்கு அப்பாவின் பழைய வேட்டியை மட்டும் வைத்தேன். ஜார்ஜெட் வழுக்கிக்கொண்டே ஓடும், அதற்குச் சூட்டில் ஒட்டிக்கொள்ளும் ஒட்டுத்துணி வைத்து இஸ்திரி போட்டேன், சூடு கூடி ஒரு துண்டு சுருங்கிவிட்டது. பெரிய கூத்து என்னவென்றால் சிவப்புச் சுங்குடியைத் தனியாக அலசாமல் சேர்த்தது. முதல் துவைப்பிலேயே வேட்டி முழுக்க ரோஸ். இப்போது அந்த ரோஸ் பக்கத்தைத்தான் மேலே போட்டுப் படுக்கிறேன். ஏனென்று கேட்காதீர்கள்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து:

கோலாலம்பூர் மெர்டேக்கா சதுக்கம் பக்கத்தில் ஜவுளி அருங்காட்சியகம் இருக்கிறதே, அந்தப் பழைய சிவப்பு வெள்ளைக் கட்டடம், போன வாரம் பேத்தியோடு போயிருந்தேன். சொங்கெட் என்ற மலாய் நெசவுத் துணியில் தங்க இழை குறுக்கிழையாக ஓடுவதைக் கண்ணாடிக்குள் பார்த்தோம். 2021-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது அது. 'பின்பக்கம் எப்படிப் பாட்டி இருக்கும்?' என்றாள். கண்ணாடிப் பெட்டியை யார் திருப்பிக் காட்டுவார்கள்?

வீட்டுக்கு வந்து, எஸ்டேட்டில் இருந்த காலத்தில் என் அம்மா மாவு மூட்டைத் துணியில் பூப்போட்ட தலையணை உறையை எடுத்துத் திருப்பிக் காட்டினேன். மூட்டை எழுத்து பாதி அழிந்து இன்னும் தெரிகிறது. ஒரு ரோஜாவின் காம்பு மட்டும் வேறு பச்சை. நூல் தீர்ந்திருக்கும்.