டிஸ்க் ரைட்டர் எத்தனை நாள் உழைக்கும்? ஒரு வருஷம் கூட தாங்க மாட்டேங்குதுங்க

ஸ்கேன்ரூம்_ஈரோடு:

வணக்கமுங்க. நான் ஈரோடு பக்கம் ஒரு ஸ்கேன் சென்டர்ல டெக்னீஷியனா இருக்கேன். எம்ஆர்ஐ, சிடி ஸ்கேன் எது எடுத்தாலும் பேஷண்டுக்கு ஃபிலிமோட ஒரு டிஸ்க்கும் போட்டுக் குடுக்கணும், அதனால எங்க சிஸ்டத்துல இருக்கிற டிவிடி ரைட்டர் காலைல ஆரம்பிச்சா ராத்திரி வரைக்கும் ஓடிட்டே இருக்கும், ஒரு நாளைக்கு 30, 40 சிடி-ஆர் சாதாரணமா போயிரும். பிரச்சனை என்னன்னா டிரைவ் ஒரு வருஷம் முழுசா வர மாட்டேங்குது. மொதல்ல எப்பவாச்சும் ஒரு டிஸ்க் வேஸ்ட் ஆகும், பவர் கேலிப்ரேஷன் எரர்னு வரும், அப்புறம் ரெண்டுக்கு ஒண்ணு வேஸ்ட், கடைசில புது டிஸ்க்க உள்ள போட்டாலும் டிஸ்க்கே இல்லைன்னு சொல்லும். ஆனா அதே டிரைவ்ல ஒரு பட டிவிடிய போட்டா அருமையா ஓடுது, அதுதான் எனக்கு புரியவே இல்லைங்க.

ஓனர் என்ன சொல்றாருன்னா, "எங்க வீட்டு கம்ப்யூட்டர்ல பத்து வருஷமா அதே ரைட்டர்தான் இருக்குது, நீங்கதான் சரியா வெச்சுக்கறதில்ல"ங்கறாரு. ஸ்பெக்ல எம்டிபிஎஃப் 60,000 மணி நேரம்னு போட்டிருக்குது, கணக்குப் போட்டா ஆறு வருஷத்துக்கு மேல வருது, அதையும் காட்டிக் கேக்கறாரு. நெசமாவே ஒரு ரைட்டர் எவ்வளவு தாங்கணும்?

டெஸ்க்டாப்ல போடற பெரிய சாட்டா டிரைவ்தான், ஸ்பீடு எப்பவும் மேக்ஸிமம். டிஸ்க் ஆள் மாறிடக் கூடாதுன்னு பேஷண்ட் பேர் போட்ட ஸ்டிக்கர மொதல்லயே ஒட்டிட்டு அப்புறம்தான் ரைட் பண்றோம். சிபியு மேசைக்கு அடியில ஒரு மரப்பொட்டிக்குள்ள இருக்குது.

ரிச்சி_சர்வீஸ்:

தம்பி, உங்க ஓனர் வீட்டு ரைட்டர் பத்து வருஷத்துல எத்தனை டிஸ்க் எழுதியிருக்கும்னு கேளுங்க, நீங்க ரெண்டு மாசத்துல எழுதறது கூட இருக்காது. வீட்டு ஸ்கூட்டியையும் ஷேர் ஆட்டோவையும் வாங்கின வருஷத்த வெச்சு ஒப்பிட முடியுமா, ஓடின கிலோமீட்டர்தான் கணக்கு. ரைட்டருக்கு கிலோமீட்டர்னா அது லேசர் எழுதின நேரம்.

எம்டிபிஎஃப் விஷயம் சொல்றேன், இத நெறைய பேர் தப்பா எடுத்துக்கறாங்க. அது ஒரு டிரைவோட ஆயுசு இல்ல, ஏகப்பட்ட டிரைவ சேர்த்து ஓட்டினா சராசரியா எத்தனை மணிக்கு ஒண்ணு ஃபெயில் ஆகும்னு போடற கணக்கு. அதுக்குப் பக்கத்துலயே டியூட்டி சைக்கிள்னு ஒண்ணு பொடி எழுத்துல இருக்கும், பெரும்பாலும் 10 சதவீதம்னு போடுவாங்க. அதாவது பவர் ஆன்ல இருக்கற நேரத்துல பத்துல ஒரு பங்குதான் டிரைவ் வேலை பாக்கும்னு நெனச்சுக்கிட்டு போட்ட நம்பர் அது. உங்க சிஸ்டம் ஒரு நாளைக்கு 14 மணி நேரம் ஆன்ல இருக்குன்னு வைங்க, பத்துல ஒரு பங்குன்னா 84 நிமிஷம். நீங்க 40 டிஸ்க் போடறீங்க, ஒண்ணுக்கு 4 நிமிஷம்னு வெச்சாலே 160 நிமிஷம் ஆச்சு, கிட்டத்தட்ட டபுள், அதுவும் முக்காவாசி எழுதற வேலை.

எழுதறதுக்கும் படிக்கறதுக்கும் ரொம்ப வித்தியாசம் இருக்கு. படிக்கும்போது டிஸ்க் மேல விழற லேசர் ஒரு மில்லிவாட் சுத்துவட்டாரத்துலதான் இருக்கும், எழுதும்போது அதே டயோடு (லேசர் வெளிச்சத்தக் குடுக்கற பாகம்) பல பத்து மில்லிவாட் தள்ளணும், ஸ்பீடு ஏற ஏற இன்னும் ஜாஸ்தி. டயோடு பழசாக ஆக அதே வெளிச்சத்தக் குடுக்க கரண்ட் கூட கேக்கும், டிரைவ்ல இருக்கற கண்ட்ரோல் சர்க்யூட் வெளிச்சம் கொறையறத பாத்து கரண்ட ஏத்திக் குடுக்கும், கரண்ட் ஏறினா சூடு ஏறும், சூட்டுல டயோடு இன்னும் வேகமா தேயும். அதனாலதான் மாசக்கணக்கா ஒரு குறையும் இல்லாம ஓடிட்டு கடைசி சில வாரத்துல மளமளன்னு படுக்குது. உங்க பவர் கேலிப்ரேஷன் எரரும் இதேதான், ஒவ்வொரு டிஸ்க்க எழுதறதுக்கு முன்னாடியும் டிரைவ் உள்வட்டத்துல அதுக்குன்னே ஒதுக்கியிருக்கற துளியூண்டு எடத்துல எழுதிப் பாத்துத்தான் எவ்வளவு பவர் வேணும்னு முடிவு பண்ணும், அங்கயே பவர் பத்தலன்னா அந்த எரர் வரும்.

டிவிடி ஏன் ஓடுதுன்னா சிடிக்கு 780 நானோமீட்டர் இன்ஃப்ராரெட் லேசர், டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு லேசர், ரெண்டுக்கும் டயோடு வேற வேற. நீங்க எழுதறது பூரா சிடி-ஆர், அதனால சிடி டயோடு ஓஞ்சு போச்சு, டிவிடி டயோடு கிட்டத்தட்ட புதுசாவே உள்ள உக்காந்திருக்கு. அந்த செத்த டிரைவுங்கள தூக்கிப் போட்டுட்டீங்களா? இருந்தா ஒரு டிவிடி-ஆர் போட்டு எழுதிப் பாருங்க, பல டிரைவ் எழுதும்.

டூப்ளிகேஷன்_மதுரை:

மேல அண்ணன் சொன்ன லேசர் விஷயம் அத்தனையும் சரி. நான் கல்யாண வீடியோ காப்பி போடற தொழில்ல ரொம்ப வருஷம் இருந்தவன், ஒரே நேரத்துல ஏழு காப்பி போடற டவர் வெச்சிருந்தேன், எங்களுக்கெல்லாம் ரைட்டர்ங்கறது பிரிண்டர் இங்க் மாதிரி ஒரு செலவுக் கணக்குதான், வாங்கும்போதே அடுத்தத வாங்கற காச எடுத்து வெச்சிருவோம். பெரிய ஆஸ்பத்திரில ரைமேஜ், எப்சன் டிஸ்க்புரொடியூசர்னு தானா எழுதி பிரிண்ட் போட்டுத் தள்ற மிஷின் வெச்சிருப்பாங்க, அதுக்குள்ள இருக்கறதும் மாத்தற டிரைவ்தான். அதனால இத்தனை டிஸ்க் தாங்கும்னு யாராச்சும் ஒரு நம்பர் அடிச்சுச் சொன்னா நம்பாதீங்க, ஒரே நாள்ல ஒரே பெட்டியில வாங்கின ரெண்டு டிரைவ்ல ஒண்ணு இன்னொண்ண விட டபுள் மடங்கு உழைக்கறத பாத்திருக்கேன்.

ஆனா நீங்க சொன்னதுல எனக்கு பகீர்னு ஆனது அந்த ஸ்டிக்கர்தான். தயவுசெஞ்சு இன்னைக்கே நிறுத்துங்க. 48எக்ஸ்ல, அதாவது சாதாரண சிடி ஓடற வேகத்தப் போல 48 மடங்குல எழுதும்போது டிஸ்க் நிமிஷத்துக்கு 10,000 சுத்து பக்கம் சுத்துது, பேப்பர் ஸ்டிக்கர் ஒரு ஓரமா ஒரு மில்லிமீட்டர் தள்ளி ஒட்டியிருந்தாலே பேலன்ஸ் போயி டிஸ்க் ஆடும், உள்ள லென்ஸ் முடி மாதிரி மெல்லிசு கம்பியில தொங்கிக்கிட்டு இருக்கு, டிஸ்க் ஆடற ஆட்டத்துக்கெல்லாம் அது மேலயும் கீழயும் ஓடி ஃபோகஸ் பிடிக்கணும், கூடவே ஸ்பிண்டில் மோட்டாரும் அடி வாங்கும். சூட்டுல கோந்து இளகி ஸ்டிக்கர் டிரைவுக்குள்ளயே உரிஞ்சு வந்தத நான் பிரிச்சே எடுத்திருக்கேன், தட்டு பூரா பிசின், டிஸ்க்க பிடிக்கற மேக்னெட்ல நூலா பேப்பர். டாக்டரோட கம்ப்யூட்டர்லயும் இதேதான் நடக்கும். பேர் மாறிடக் கூடாதுன்னா சிடி மார்க்கர் பேனால ஸ்கேன் நம்பர மட்டும் எழுதுங்க, மத்தத கவர் மேல ஒட்டுங்க. பால் பாயிண்ட் பேனா கூடவே கூடாது, ஏன்னா சிடில டேட்டா இருக்கற லேயர் நாம பேர் எழுதற மேல் பக்கம்தான், மேல மெல்லிசா ஒரு வார்னிஷ் மட்டும்தான் காவல், அழுத்தி எழுதினா அங்கயே போச்சு.

ஸ்பீடு பத்தி ஒண்ணு. கொறைச்சு எழுதினா நல்லதுன்னு எல்லாரும் சொல்வாங்க, அதுக்குன்னு 4எக்ஸ்க்கு எறக்கிடாதீங்க, இப்ப வர்ற டிஸ்க்ல லேசர் எழுதற சாயம் அதிக ஸ்பீடுக்குன்னே செஞ்சது, அவ்வளவு மெதுவா எழுதினா எழுத்து சரியா விழாது, லேசரும் ரொம்ப நேரம் எரிஞ்சுக்கிட்டு இருக்கும். 24எக்ஸ் வைங்க. ஒரு டிஸ்க்குக்கு ஒரு நிமிஷம் கூட ஆகும், அவ்வளவுதான்.

அப்புறம் டிஸ்க் தரம். டிஸ்க் செஞ்ச மோசர் பேயர் கம்பெனி 2018ல கலைப்புக்கு போயிருச்சு, தையோ யூடன் 2015லயே டிஸ்க் செய்யறத நிறுத்திட்டாங்க, இப்ப கடையில கிடைக்கறதுல ஒரே பிராண்டே ஒரு பேட்ச் நல்லாருக்கும் அடுத்த பேட்ச் படுத்தும். அதனால எரர் வந்த ஒடனே டிரைவ கழட்டாதீங்க, வேற கம்பெனி டிஸ்க் ரெண்டு போட்டுப் பாருங்க, அதுலயும் எரர் வந்தாத்தான் டிரைவ் மேல சந்தேகப்படணும்.

மரப்பொட்டிய தூக்கிடுங்க, காத்து போகாத எடத்துல வெச்சுட்டு அடுத்தடுத்து நாப்பது டிஸ்க் எழுதினா எந்த டிரைவும் தாங்காது. ரெண்டு ரைட்டர் போட்டு காலைல ஒண்ணு மத்தியானம் ஒண்ணுன்னு மாத்தி மாத்தி எழுதினீங்கன்னா ரெண்டும் ஆற நேரம் கிடைக்கும். சென்டர்ல வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடற வழக்கம் இருந்தா அந்த ரூம்ல வேணாம், புகை போயி லென்ஸ் மேல படிஞ்சா அதுவே பாதி வெளிச்சத்த தின்னுடும்.

ஓல்டு_பிசி_பிரியன்:

எல்லா கோளாறும் லேசர் இல்லங்கறத சேர்த்துக்கறேன், நல்ல டிரைவ குப்பையில போட்டுடக் கூடாது. தட்டு வெளிய வர மாட்டேங்குதுன்னா பெரும்பாலும் உள்ள இருக்கற சின்ன ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும், முன்னாடி இருக்கற ஊசி ஓட்டையில ஒரு யூ பின்ன நிமித்தி விட்டா தட்டு வந்துடும், பெல்ட் மாத்தினா போதும். யுஎஸ்பி ஸ்லிம் ரைட்டர் வெச்சிருக்கறவங்களுக்கு எழுதும்போது பாதில நிக்கும், யுஎஸ்பி 2 போர்ட் குடுக்கறது 500 மில்லிஆம்ப்தான், எழுதும்போது அதுக்கு மேல கேக்கும், ரெண்டு வால் இருக்கற கேபிள் போட்டாலோ பின்னாடி போர்ட்ல மாட்டினாலோ சரியாகும். இன்னும் விண்டோஸ் எக்ஸ்பில ஐடிஇங்கற பழைய கனெக்ஷன் டிரைவ் ஓட்டறவங்க டிரைவ் திடீர்னு ஆமை வேகம் ஆயிடுச்சுன்னா டிவைஸ் மேனேஜர்ல பிஐஓங்கற மெதுவான மோடுக்கு விழுந்திருக்கான்னு பாருங்க, எரர் சேந்துச்சுன்னா விண்டோஸே டிஎம்ஏங்கற வேகமான மோட விட்டு எறக்கிடும், அந்த சேனல அன்இன்ஸ்டால் பண்ணிட்டு ரீஸ்டார்ட் பண்ணா பழையபடி ஆகும்.

ஆனா ஸ்கேன்ரூம் நண்பா, உங்க விஷயத்துல டிரைவ் சாகறத விட எனக்கு கவலையா இருக்கறது சாகறதுக்கு முன்னாடி இருக்கற காலம். லேசர் தளர்ந்த டிரைவ் எரர் காட்டாமலே எழுதி முடிக்கும், சக்ஸஸ்னு சொல்லும், டிஸ்க்க வெளிய தள்ளும், ஆனா எழுத்து வெளிறி இருக்கும். அதே டிரைவ்ல போட்டா படிக்கும், கோயம்புத்தூர்ல சர்ஜன் ரூம்ல போட்டா பாதி சீரிஸ் (ஸ்கேன் பட வரிசை) வரும் மீதி தொங்கும். பேஷண்ட் அங்க போயி முழிக்கணும்.

அதனால ரெண்டு வேலை பண்ணுங்க. ஸ்கேன் படத்த டிஸ்க்ல எழுதற டைகாம் சாஃப்ட்வேர்ல, எழுதினத திரும்பப் படிச்சு சரிபாக்கற வெரிஃபை ஆப்ஷன் இருக்கும், டைம் ஆகுதுன்னு நெறைய சென்டர்ல ஆஃப் பண்ணி வெச்சிருப்பாங்க, அத ஆன் பண்ணுங்க. அதோட நிக்காம தினமும் ரெண்டு டிஸ்க்க எடுத்து ரிசப்ஷன் கம்ப்யூட்டர் மாதிரி வேற டிரைவ்ல போட்டு முழு ஸ்கேனும் தொறக்குதான்னு பாருங்க, ஃபோல்டர் தெரியுதுங்கறது போதாது, கடைசி இமேஜ் வரைக்கும் ஸ்க்ரோல் பண்ணணும். இன்னும் துல்லியமா வேணும்னா நீரோ டிஸ்க்ஸ்பீடு மாதிரி டூல்ல சி1 (மொத கட்டத்துலயே திருந்திடற சின்ன எரர்), சி2 (அதுல திருந்தாம மிஞ்சற பெரிய எரர்) ஸ்கேன் ஓட்டலாம், எல்லா டிரைவும் காட்டாது, லைட்-ஆன் டிரைவ் பலதுல வரும். சி1 சராசரி ஸ்டாண்டர்டுபடி செகண்டுக்கு 220க்கு கீழ இருக்கணும், நல்ல டிஸ்க்ல அதுக்கு ரொம்ப ரொம்ப கீழதான் இருக்கும், சி2 சைபரா இருக்கணும். மாசம் ஒருக்கா ஒரே பேட்ச் டிஸ்க்குல ஓட்டி எழுதி வெச்சுக்கங்க, நம்பர் ஏறிக்கிட்டே போச்சுன்னா டிரைவ மாத்தற நேரம் வந்தாச்சு, எரர் வரட்டும்னு காத்திருக்க வேணாம்.

ஸ்கேன்ரூம்_ஈரோடு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, ஓனரையே உக்கார வெச்சு படிச்சுக் காட்டினேன், டியூட்டி சைக்கிள் கணக்குக்கு அப்புறம் அவரு ஒண்ணும் பேசல, ரெண்டு டிரைவ் வாங்க சொல்லிட்டாரு. பழைய டிரைவ்ல டிவிடி-ஆர் எழுதுதுங்க, அண்ணன் சொன்னது அப்படியே நடந்துச்சு. ஸ்டிக்கர் நிறுத்தியாச்சு, சிபியு மேசை மேல வந்தாச்சு.

ஆனா வேற ஒரு கவலை வந்துருச்சு. இப்ப இருக்கற டிரைவ்ல எழுதி இன்னும் யாரும் வாங்காம இருந்த டிஸ்க்குகள ரிசப்ஷன் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தேன், சிலது பாதில நிக்குது, எங்க சிஸ்டத்துல நல்லா ஓடுது. அப்படின்னா போன மாசம் பூரா குடுத்து அனுப்பினது எப்படி இருக்கும்னு தெரியல, இதுக்கு என்ன பண்றது?

ஓல்டு_பிசி_பிரியன்:

ஸ்கேன் எல்லாம் உங்க பேக்ஸ்ல (ஸ்கேன் படத்தையெல்லாம் சேத்து வெக்கற சிஸ்டம்) இருக்குமே, அது இருக்கற வரைக்கும் எதுவும் தொலையல. ரிஜிஸ்டர எடுத்து எரர் வர ஆரம்பிச்ச தேதிக்கு ரெண்டு வாரம் முன்னாடி இருந்து பாருங்க, எல்லாருக்கும் ஒரே நாள்ல எழுத முடியாது. வெளியூர் டாக்டர் ரெஃபர் பண்ணவங்க, ஆபரேஷன் தேதி குறிச்சிருக்கறவங்க, கட்டி ஃபாலோ அப்ல பழைய ஸ்கேனோட ஒப்பிட வேண்டியவங்க, இவங்களுக்கு மொதல்ல ஃபோன் போட்டு புது டிஸ்க் வாங்கிக்க சொல்லுங்க, காசு வாங்காதீங்க. தூரத்துல இருக்கறவங்களுக்கு கூரியர், இல்ல அந்த ஆஸ்பத்திரிக்கே லிங்க் அனுப்ப முடியுமான்னு கேளுங்க, இப்ப நெறைய டாக்டர் லேப்டாப்ல டிரைவே இல்ல, அவங்களுக்கு லிங்க்தான் சௌகரியம்.

ரிச்சி_சர்வீஸ்:

புது டிரைவ் வாங்கும்போது ஒரு விஷயம் தம்பி, தயாரிப்பு தேதி லேபிள் மேலயே இருக்கும், பாத்து வாங்குங்க. பழைய கம்ப்யூட்டர்ல இருந்து கழட்டி தொடச்சு பிளாஸ்டிக் கவர்ல போட்டு புதுசுன்னு விக்கறது நடக்குது. ஸ்க்ரூ ஓட்டையில மரை தேஞ்ச தடம் இருந்தா அது ஏற்கனவே ஒரு கேபினெட்ல மாட்டி கழட்டினது, திருப்பிக் குடுத்துடுங்க. ஸ்லிம் வேணாம், பெரிய டிரைவே வாங்குங்க. மூணாவதா ஒண்ணு பிரிக்காம அலமாரில வெச்சுக்கங்க.