அணைத்தாலும் அணையாத நடைவழி விளக்கு

வணக்கம். சிங்கப்பூர் ஈசூனில் பழைய நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. சுவிட்ச் பெட்டியில் நியூட்ரல் வயர் (மின்சாரம் திரும்பிச் செல்லும் கம்பி) கிடையாது. அதனால் நியூட்ரல் தேவைப்படாத, ஜிக்பீ என்ற கம்பியில்லாத் தொடர்பில் இயங்கும் ஸ்மார்ட் சுவிட்ச் வாங்கி, உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்து மூன்று வாரம் முன்பு மாட்டினேன். ராஸ்ப்பெரி பை 4 என்ற சிறு கணினியில், ஸ்மார்ட் சாதனங்களை இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருள் ஓடுகிறது.

படுக்கையறையில் 24 வாட் விளக்கு, தொல்லையே இல்லை. நடைவழியில் 5 வாட் எல்இடி. அணைத்த பிறகும் மங்கலாக எரிகிறது, பத்து நொடிக்கு ஒருமுறை பளிச்சென்று மின்னுகிறது. இரவு தண்ணீர் குடிக்க எழுந்த மாமியார் யாரோ டார்ச் அடிப்பதாகப் பயந்துவிட்டார்!

பல்பை மாற்றிப் பார்த்தேன், அதே கதைதான். வைஃபை குறுக்கீடோ என்று ஜிக்பீ சேனலை 11-இலிருந்து 25-க்கு மாற்றியதும் வீண் வேலை. சுவிட்சுடன் வந்த கெப்பாசிட்டரை எலக்ட்ரீஷியன் விளக்குக்கு இணையாகப் பொருத்தினார். மங்கல் வெளிச்சம் போய்விட்டது, மின்னுவது நிற்கவில்லை. அப்புறம், விளக்கு எரியும்போது சுவிட்ச் அடிக்கடி ஆஃப்லைன் ஆகிறது, இது புதிது.

சுவரை உடைத்து நியூட்ரல் இழுக்க மனமில்லை. இதே மாதிரி வீட்டில் இருப்பவர்கள் சொல்லுங்கள்: வாட் அதிகமுள்ள விளக்கு போட்டால் இது தீருமா?