சாப்பராக இருந்த என் மாமனார்

என் மாமனார் ராணுவப் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். போன மாதம் காலமானார். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் "சண்டைக்குப் போனவர்" என்றுதான் பேசினார்கள். போனார், உண்மைதான். ஆனால் துப்பாக்கியைவிட அவர் கையில் அதிகம் இருந்தது கண்ணிவெடி தேடும் கம்பி. 1971 டிசம்பரில், பாகிஸ்தானுடன் நடந்த போரில், எல்லையை ஒட்டிய சக்கர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றை ஒட்டிப் பாகிஸ்தான் படை புதைத்திருந்த கண்ணிகளை எடுத்து, நம் டாங்குகளுக்கு வழி திறந்த சாப்பர்களில் அவரும் ஒருவர். டாங்குப் படை அதிகாரி அருண் கேத்தர்பால் உயிர்கொடுத்துப் பரம்வீர் சக்கரம் பெற்ற அதே களம்.

அந்த வேலையைப் பற்றி என் மகள் கேட்டபோதுதான் வாயைத் திறந்தார். மேஜை விரிப்புக்கு அடியில் ஒரு காசை ஒளித்து வைக்கச் சொல்லிவிட்டு, பென்சிலைச் சாய்வாகப் பிடித்தார். "நேரா குத்தினா மேல்பக்கம் அழுந்தி வெடிச்சிடும் கண்ணு. இப்படிச் சாய்ச்சு, மெதுவா. பக்கவாட்டுல தட்டுப்படணும்." ஒரு விரல் அகலம், இன்னொரு விரல் அகலம் என்று நகர்ந்துகொண்டே போனார். பொறுமையில்லாமல் விரிப்பைத் தூக்கப் போன பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் முடிக்கிற வரைக்கும் யாரும் உள்ளே வரக்கூடாது."

வருடத்துக்கு இரண்டு மாத விடுப்பில் வந்துபோகும் விருந்தாளியாகத்தான் என் கணவருக்கு அப்பா இருந்தார். கடிதங்களில் முகவரி 56 ஏபிஓ என்ற ராணுவ அஞ்சல் எண்தான். அதில் ஊர்ப் பெயரே இருக்காது. போர் நடந்த நாட்களில் அவர் எந்தத் திசையில் இருக்கிறார் என்பதுகூட அத்தைக்குத் தெரியாது. அந்த விலகல் மகனுக்குள் வெகுகாலம் இருந்தது. மாமா அதைப் பற்றி எதுவும் பேசியதில்லை. பேத்தியின் பள்ளிச் சீருடையை இஸ்திரி போடுவது, நான் இரவு வேலை முடிந்து வரும்வரை தூங்காமல் இருப்பது, பாசத்தை இப்படித்தான் காட்டினார்.

அப்புறம் அவருடைய காகித வேலை. ராணுவப் பதிவேட்டில் அத்தையின் பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தது. ரெக்கார்டு ஆபீசுக்கு விடாமல் எழுதித் திருத்தினார். ஓய்வூதிய ஆணையில் குடும்ப ஓய்வூதியத்துக்கு அத்தையின் பெயர் சரியாக ஏறிய பிறகுதான் நிம்மதியானார். "நான் போனப்புறம் அவ எந்த ஆபீஸ் வாசல்லயும் நிக்கக்கூடாதும்மா" என்றார். இறப்புச் சான்றிதழோடு வங்கிக்குப் போனபோது ஒரு காகிதம்கூடக் குறையவில்லை.

துக்க வீட்டுக்கு எங்களுக்கு முகம் தெரியாத சில பெண்களும் வந்தார்கள். ராணுவத்தில் இருந்தவர்களின் மனைவிகள், கணவரை இழந்தவர்கள். பதிவேட்டில் பெயர் இல்லாமல் பென்ஷன் நின்றுபோனவர்களுக்கு மாமா மனு எழுதிக் கொடுத்திருக்கிறார். நவம்பர் வந்தால் உயிர்வாழ் சான்று கொடுக்கக் கூடவே போயிருக்கிறார். வீட்டில் அதைப் பற்றி மூச்சுவிட்டதில்லை.

அவருடைய பைலில் இரண்டு பேரின் மனுக்கள் இன்னும் பாதியில் நிற்கின்றன. அவற்றை என் கணவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். நேற்று ஒருவருக்குப் பதில் வந்திருக்கிறது. திருமணச் சான்றின் நகல் கேட்டிருக்கிறார்கள்.