ஜூலையில் ஆஸ்திரேலியா: குளிரில் சுற்றியவர்களின் அனுபவங்கள்

மெல்பன் மருமகள்:

ஜூலையில் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஆஸ்திரேலியா வரலாமா, அவர்களுக்குக் குளிர் தாங்குமா என்று கோவைத் தங்கை கேட்டிருக்கிறார். தாராளமாக வாங்க. எந்த ஊருக்கு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், ஸ்வெட்டரைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் இங்கே குளிர்காலம் என்றாலும் நாடு முழுக்க ஒரே குளிர் கிடையாது. ஜூலைப் பகலில் ஹோபார்ட்டில் 12 டிகிரி, மெல்பனில் 14, சிட்னியில் 17 இருக்கும்போது கெய்ர்ன்ஸில் 26, டார்வினில் 31 இருக்கும். மெல்பனிலிருந்து டார்வின் 3,000 கிலோமீட்டருக்கு மேல், விமானத்திலேயே நாலரை மணி நேரம். எல்லா ஊரையும் ஒரே பயணத்தில் அடைத்தால் விடுமுறை முழுக்க விமான நிலையத்தில்தான் போகும்.

என் மாமனார் மாமியார் தூத்துக்குடிக்காரர்கள். ஜூலையில் வந்தபோது தெருவில் இருந்த குளிரைக்கூட சமாளித்துவிட்டார்கள், வீட்டுக்குள் இருந்த குளிர்தான் அவர்களை அதிகம் படுத்தியது. இங்கே பழைய வீடுகளில் சன்னலுக்கு ஒற்றைக் கண்ணாடிதான். கூடத்தில் ஹீட்டர் ஓடும், படுக்கையறையும் குளியலறையும் சில்லென்று கிடக்கும். அதனால் தங்குமிடம் பதிவு செய்யும்போது, படுக்கையறையில் ஹீட்டர் உண்டா என்று தனியாகக் கேளுங்கள். மெத்தைமேல் விரிக்கிற மின்சாரப் போர்வை கடைகளில் கிடைக்கும். படுக்கப் போவதற்கு அரை மணி முன்னால் போட்டுவிட்டு, படுக்கும்போது அணைத்துவிடுவோம். மாமியாரின் முழங்கால் வலிக்கு அதுதான் கைகொடுத்தது.

உடுப்பில் ஒரே தடித்த கோட்டைவிட மூன்று அடுக்கு நல்லது. உள்ளே உடம்போடு ஒட்டும் தெர்மல், நடுவில் மெத்தென்ற ஃப்ளீஸ் சட்டை, மேலே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட். மெல்பனில் காலையில் வெயில் அடிக்கும், மதியம் தூறும், நாலு மணிக்குக் காற்று பிய்த்துக்கொண்டு போகும். கழற்றி மாட்ட வசதியாக இருக்க வேண்டும். புடவை கட்டுகிறவர்கள் உள்பாவாடைக்குள் தெர்மல் பேன்ட் போட்டுக்கொள்ளலாம். காதை மூடும் குல்லா கட்டாயம். எல்லாவற்றையும் ஊரிலேயே வாங்கிச் சுமக்க வேண்டாம். இங்கே நிதியாண்டு ஜூன் 30 அன்று முடிகிறது, அதையொட்டிக் கடைகளில் நல்ல தள்ளுபடி இருக்கும்.

குளிரில் வந்ததற்குக் கிடைத்த பெரிய லாபம் பிலிப் தீவுதான். மெல்பனிலிருந்து காரில் சுமார் 140 கிலோமீட்டர். இருட்டும் நேரத்தில் சிறு பென்குயின்கள் கடலிலிருந்து கரையேறி வளைக்குத் திரும்புவதைப் பார்க்கத்தான் கூட்டம் வருகிறது. கோடையில் இதற்கு இரவு ஒன்பது மணி ஆகிவிடும். ஜூலையில் ஐந்தேகால் வாக்கில் சூரியன் மறைந்துவிடுவதால் குழந்தைகளும் பெரியவர்களும் ஆறு மணிக்கெல்லாம் பார்த்துவிடலாம். சம்மர்லேண்ட் கடற்கரையில் படிக்கட்டு மாதிரி இருக்கைகள். காற்று முகத்தில் அறைந்தது, மாமியார் மூக்கு வரை கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதலில் அலையோரம் ஒரு கறுப்புத் திட்டு தெரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அது ஏழெட்டுப் பென்குயின்களாகப் பிரிந்தது, ஒவ்வொன்றும் ஓர் அடி உயரம்தான். முன்னால் நின்றது நாலு எட்டு வைத்தது, என்ன நினைத்ததோ, திரும்பி ஓடியது. மொத்தக் கூட்டமும் அதன் பின்னாலேயே தண்ணீருக்குள் பாய்ந்தது. மறுபடி வந்தது, மறுபடி ஓடியது. அப்புறம் ஒரே மூச்சில் மணலைக் கடந்து புதருக்குள் போய்விட்டன. "அதுக்கும் பயம் இருக்கு பாரு, ஒண்ணு போனாத்தான் இன்னொண்ணு போகுது" என்றார் மாமியார். திரும்பி வரும் நடைபாதை ஓரத்தில், கை எட்டும் தூரத்தில், அவை ஈர வயிற்றோடு தத்தித் தத்திப் போவதைப் பார்க்கலாம். படம் எடுக்கத் தடை. அத்தனை பேரும் போனை உள்ளே வைத்துவிட்டுக் கண்ணால் மட்டும் பார்த்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

டார்வின் அண்ணன்:

பெரியவர்களுக்குக் குளிர்தான் பயம் என்றால் வடக்கே வாருங்கள், தங்கச்சி. எங்கள் பக்கம் மே முதல் அக்டோபர் வரை மழையில்லாத பருவம். ஜூலையில் பகலில் 31 டிகிரி, ராத்திரி 19, 20. புழுக்கமும் இருக்காது. நவம்பருக்கு மேல் மழை பிடித்துக்கொண்டால் கக்கடு தேசியப் பூங்காவில் பல பாதைகளை மூடிவிடுவார்கள். ஆக, கக்கடு பார்க்கச் சரியான காலமே உங்கள் கோடை விடுமுறை முடிந்த கையோடு வருகிற இந்த மாதங்கள்தான்.

கக்கடு, டார்வினிலிருந்து காரில் மூன்று மணி நேரம். பரப்பு கிட்டத்தட்ட 20,000 சதுர கிலோமீட்டர், ஒரே நாளில் போய்த் திரும்புவது பாவம். ஓர் இரவாவது தங்குங்கள். குயிண்டாவில் தங்கினால் விடியற்காலைப் படகில் ஏறலாம். யெல்லோ வாட்டர் என்ற நீர்நிலை. என் பெற்றோரை அழைத்துப் போனபோது தண்ணீர்மேல் பஞ்சுபோலப் பனிமூட்டம் நின்றது. படகு நுழைந்த இடமெல்லாம் தாமரை. நம் ஊர்க் குளத்தில் பூக்கிற அதே தாமரை இனம். இலைமேல் நீண்ட விரல்களை விரித்து இலைக்கோழி நடந்தது, சேற்று மேட்டில் செங்கால் நாரையைவிட உயரமான ஒரு கறுப்பு வெள்ளை நாரை அசையாமல் நின்றது. அம்மா தாமரையை எண்ணிக்கொண்டிருந்தபோது, அப்பாவின் பக்கம் ஒரு மரக்கட்டை கண்ணைத் திறந்தது. உப்புநீர் முதலை. படகோட்டி எஞ்சினை அணைத்தார். முதலை எங்கள் பக்கமாக மெல்ல வந்து, படகின் ஓரமாகவே போய், ஒரு குமிழிகூட விடாமல் அடியில் இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு அப்பா கையைப் படகின் விளிம்பில் வைக்கவே இல்லை.

இதைச் சிரிப்புக்குச் சொல்லவில்லை. வடக்கில் எந்த ஆற்றிலும், ஓடையிலும், கடற்கரையிலும் பலகை பார்க்காமல் காலை நனைக்கக் கூடாது. குளிக்க ஆசை இருந்தால் லிட்ச்ஃபீல்ட் பூங்காவுக்குப் போங்கள், ஃப்ளோரன்ஸ் அருவியும் பியூலி ராக்ஹோலும் அங்கேதான். அங்கேயும் அன்றைக்குத் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டே இறங்க வேண்டும்.

கக்கடுவில் உள்ள உபிர் பாறை ஓவியங்களுக்குச் சாயங்காலம் போங்கள். அந்த மண்ணின் மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தீட்டிய மீன்கள், ஆமைகள், மனிதர்கள். ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் எப்போதோ அழிந்துபோன தைலசீன் என்ற விலங்கும் ஒரு பாறையில் இருக்கிறது. மேலே ஏறினால் பச்சை வெள்ளச் சமவெளி கண்ணுக்கெட்டியவரை விரியும். ஏறுவது கொஞ்சம் செங்குத்து, முழங்கால் வலி உள்ளவர்கள் கீழே ஓவியங்களோடு நின்றுகொள்ளலாம். தூரத்தில் புகை தெரிந்தால் பயப்படாதீர்கள். பின்னால் பெரிய தீ வராமலிருக்க, பருவத்தின் தொடக்கத்திலேயே சிறு தீ வைத்துக் காய்ந்த புல்லை எரிப்பது இங்கே பழைய வழக்கம்.

டார்வினிலேயே வியாழன், ஞாயிறு மாலைகளில் மிண்டில் கடற்கரைச் சந்தை நடக்கும். சாப்பாட்டை வாங்கிக்கொண்டு மணலில் உட்கார்ந்து சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்கலாம். வெயில் உறைக்கும், குளிர்காலம்தானே என்று தொப்பியை விட்டுவிட்டு வராதீர்கள். ஒன்று மட்டும், தெற்கில் குளிரில் நடுங்குகிறவர்கள் எல்லாரும் இதே மாதங்களில்தான் இங்கே வருகிறார்கள். அறை வாடகை எகிறிவிடும், பல மாதம் முன்னாலேயே பதிவு செய்யுங்கள்.

வெஸ்ட்மீட் அக்கா:

நான் யாழ்ப்பாணம், சிட்னிக்கு வந்து கனகாலம். இங்கத்தைய குளிர் மெல்பன் மாதிரி இல்லை, பகலில் நல்ல வெயில் எறிக்கும். ஆனால் ஜூன் மாதத்தில் மழை கூட, ஜூலைக் கடைசி, ஆகஸ்ட் என்றால் வானம் வெளிப்பாக இருக்கும். பின்னேரம் ஐந்து மணிக்கே இருட்டிவிடும், அதனால் காலையில் வேளைக்கு வெளிக்கிடுங்கோ.

அதிகம் காசு செலவழிக்காமல் பார்க்கக்கூடிய பெரிய விஷயம் திமிங்கிலம். தெற்கில் உறைபனிக் கடலில் இருந்து ஹம்ப்பேக் திமிங்கிலங்கள் குட்டி போட வடக்கே போகிற காலம் இது. கர்னல் பக்கம் கேப் சோலண்டர் என்று ஒரு பாறை முனை இருக்கு. ஜூன் கடைசி, ஜூலை தொடக்கத்தில் போய் நின்றால் கரையிலிருந்தே தெரியும். கடலில் ஒரு இடத்தில் வெள்ளைப் புகை மாதிரி எழும்பும், அதைப் பிடித்துக்கொண்டு பார்வையை அங்கேயே வைத்திருக்க வேணும். கொஞ்சத்தால் கறுத்த முதுகு வளைந்து எழும்பும், கடைசியில் வால். படகிலும் கூட்டிக்கொண்டு போவினம், ஆனால் குளிர்காலத்துக் கடல் ஆட்டும். வயது போன ஆக்களுக்குக் கரைதான் சுகம்.

ஆடி மாதம் என்றபடியால் அம்மா அப்பாவுக்குக் கோயில் நினைவு வரும். மேஸ் ஹில் முருகன் கோயில் எங்களுக்குக் கிட்ட. ஹெலன்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோயிலுக்குப் போனால், அப்படியே சிம்பியோ விலங்குப் பூங்காவில் கோவாலாவையும் கங்காருவையும் பார்த்துவிட்டு, கடலோரமாகச் சீ கிளிஃப் பாலம் வரை போய் வரலாம். ஒரு நாளுக்கு அது காணும்.

அடிலெய்ட் நண்பர்:

நாட்டின் நடுவில் இருக்கும் பெரிய பாறை உலுருவைப் பற்றி யாரும் சொல்லவில்லை. கோடையில் 40 டிகிரியைத் தொடும் இடம், ஜூலைப் பகலில் 20 தான். ஈயும் குறைவு. பாறையைச் சுற்றி வருகிற 10 கிலோமீட்டர் நடையை நிதானமாக நடக்கலாம். அவ்வளவு முடியாதவர்களுக்கு முட்டிஜுலு சுனை வரை ஒரு சின்ன நடை போதும். சில நாள் ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழேகூட இறங்கும். சூரிய உதயம் பார்க்கப் போகும்போது கையுறை இல்லாமல் போனால் விரல் மரத்துவிடும்.

பாறைமேல் ஏறுவது 2019 அக்டோபர் 26 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. அந்த மண்ணின் அனங்கு மக்களுக்கு அது புனித இடம், ஏறாதீர்கள் என்று அவர்கள் பல காலமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சில இடங்களில் படம் எடுக்க வேண்டாம் என்று பலகை இருக்கும், மதியுங்கள். கிரிவலம் போய்ப் பழகிய நமக்கு இது யாரும் விளக்காமலே புரியும்.

சிங்கப்பூர் குடும்பத்தான்:

பிள்ளைகள் பனி பார்க்கணும் என்று ஒற்றைக்காலில் நின்றதால் நாங்கள் போனது விக்டோரியாவின் மவுண்ட் புல்லர். மெல்பனிலிருந்து மூன்று மணி நேரம். பனிக்காலம் ஜூன் இரண்டாவது திங்கள் விடுமுறையோடு தொடங்குகிறது என்பார்கள், ஆனால் அப்போது நிறையப் பனி கிடைக்கும் என்று நம்ப முடியாது. ஜூலை பாதிக்கு மேல், ஆகஸ்ட் என்றால் நிச்சயம் கூடும்.

காரை நாங்கள் ஓட்டவில்லை. மலைப்பாதைக்குச் சக்கரச் சங்கிலி எடுத்துப் போக வேண்டும், வாடகைக் கார்களைப் பனிப்பகுதிக்கு ஓட்டிப்போகப் பல இடங்களில் அனுமதிப்பதும் இல்லை. சுற்றுலாப் பேருந்துதான் நிம்மதி. போகும் வழியில் மான்ஸ்ஃபீல்டில் பேன்ட், ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். ஜீன்ஸோடு பனியில் உட்கார்ந்தால் அரை மணியில் நனைந்து விறைத்துவிடும், அதனால் அந்த வாடகையில் கஞ்சத்தனம் வேண்டாம். சறுக்குப் பலகையில் உட்கார்ந்து வழுக்கிக்கொண்டு வந்த என் சின்னவள், கீழே வந்ததும் கையுறையைக் கழற்றி ஒரு பிடி பனியை நாக்கில் வைத்துப் பார்த்தாள். "அப்பா, இதுல ருசியே இல்ல" என்று சொல்லிவிட்டு இன்னொரு பிடி எடுத்தாள்.

பனிச்சறுக்கு கற்றுக்கொள்ளும் எண்ணம் இல்லாமல் தொட்டு விளையாடினால் போதும் என்பவர்களுக்கு லேக் மவுண்டன் இன்னும் பக்கம், செலவும் குறைவு.

கோவைத் தங்கை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. எங்களுக்கு இரண்டு வாரம்தான் லீவு. அம்மாவுக்குப் பென்குயின், அப்பாவுக்கு முதலை. பனி எனக்கு. மூன்றும் முடியுமா? வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

மெல்பன் மருமகள்:

முடியும்மா, ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மெல்பனில் ஒரு வாரம் வைத்துக்கொண்டால் பிலிப் தீவும் பனியும் அதற்குள் வந்துவிடும். மீதி டார்வின், கக்கடு. முதலில் குளிர், அப்புறம் வெயில் என்று போனால் பெரியவர்கள் உடம்பு தேறி ஊர் திரும்புவார்கள். சிட்னியையும் உலுருவையும் இன்னொரு தடவைக்கு வையுங்கள். அவசரமாகப் பார்க்கிற இடங்கள் இல்லை அவை.

ஜூன் கடைசியிலிருந்து ஜூலை பாதி வரை இங்கே பள்ளி விடுமுறை, மாநிலத்துக்கு மாநிலம் தேதி கொஞ்சம் மாறும். அது முடிந்த பிறகு வந்தால் டிக்கெட் விலை, அறை வாடகை எல்லாமே குறையும், பனியும் அப்போதுதான் நன்றாக இருக்கும். விசிட்டர் விசாவுக்கு (அதன் எண் 600) ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். வயதானவர்களிடம் மருத்துவப் பரிசோதனை கேட்கக்கூடும், அதனால் சீக்கிரமே போட்டுவிடுங்கள். பயணக் காப்பீடு இல்லாமல் அவர்களை ஏற்றவே ஏற்றாதீர்கள், இங்கே மருத்துவச் செலவு தாங்காது.

காரை நீங்களே ஓட்டுவதாக இருந்தால் நம் ஊர் மாதிரியே இடப்பக்கம்தான். ஆனால் ஊருக்கு வெளியே பொழுது சாயும் நேரத்தில் கங்காரு குறுக்கே பாயும், குளிர்காலத்தில் அந்த நேரம் ஐந்து மணிக்கே வந்துவிடும். பிலிப் தீவிலிருந்து நீங்கள் இருட்டில்தான் திரும்ப வேண்டியிருக்கும், அதனால் அன்றைக்கு மட்டுமாவது பேருந்தில் போங்கள்.

அம்மாவிடம் இதையும் சொல்லிவிடுங்கள்: கறிவேப்பிலை, பழம், விதை எதுவும் பெட்டியில் வைக்க வேண்டாம். பொடி, ஊறுகாய், பலகாரம் கொண்டு வந்தால் விமானத்தில் தரும் அட்டையில் உணவுப் பொருள் இருக்கிறது என்று குறித்துவிடுங்கள். காட்டினால் பார்த்துவிட்டு விடுவார்கள், இல்லையென்றால் எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். மறைத்தால் அபராதம் கடுமை. கறிவேப்பிலை என் வீட்டுத் தொட்டியில் இருக்கிறது, வந்தால் பறித்துத் தருகிறேன்.