வண்டிச் சத்தம் கேட்டாலே பாய்கிறாள்: மீட்டு வந்த நாயை எப்படி வெளியே நடத்துவது?

சத்துவாச்சாரி தம்பி:

வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் ராகி என்று ஒரு நாட்டு நாய் இருக்கிறாள். நனைத்த கேழ்வரகு மாவு நிறம், அதனால் அந்தப் பெயர். நாலு மாதத்துக்கு முன் பெங்களூரு நெடுஞ்சாலை சர்வீஸ் ரோட்டில், பைக் மோதிப் பின்னங்கால் உடைந்து கிடந்தவளைத் தூக்கி வந்தேன். கால் சேர்ந்துவிட்டது. வயது ஒன்றரை இருக்கும் என்றார் டாக்டர். ரேபிஸ் ஊசி, மற்றத் தடுப்பூசிகள், கருத்தடை எல்லாம் முடிந்தது.

வீட்டுக்குள் தங்கம். அம்மா பூ கட்டும்போது பக்கத்தில் படுத்து வாழைநாரை மோந்துகொண்டிருப்பாள். கேட்டைத் தாண்டினால் வேறு நாய். வால் காலிடுக்குக்குள் போய்விடும். தெருமுனையில் புல்லட் சத்தம் கேட்டதுமே முதுகு மயிர் சிலிர்க்கும், கிட்டே வந்தால் குரைத்துக்கொண்டு பாய்வாள். ஹெல்மெட் போட்டவர், கம்பு ஊன்றி வரும் தாத்தா, தெரு நாய்கள், எல்லாரிடமும் இதே கதைதான். யாராவது குனிந்தால் இன்னும் மோசம். நான் செருப்பு வாரை மாட்டக் குனிந்தால்கூடத் தரையோடு ஒட்டிக்கொள்கிறாள்.

போன வாரம் பெல்ட்டிலிருந்து தலையை உருவிக்கொண்டு பால்காரர் வண்டியைத் துரத்திவிட்டாள். அவர் விழாதது தெய்வாதீனம். தெருவில் ஒருவர் சொன்னார் என்று கழுத்தை இறுக்கும் சங்கிலி வாங்கி இரண்டு நாள் போட்டேன். அடங்கினாள். மூன்றாம் நாள் அதைக் கையில் எடுத்ததும் கட்டிலுக்கு அடியில் போய் நடுங்கினாள். அந்த முகத்தைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

பழகினால் சரியாகும் என்று தினம் காலை 7 மணிக்கும் மாலை 5 மணிக்கும் முக்கால் மணி நேரம் நடத்துகிறேன். குறையவில்லை, கூடுகிறது. அம்மா, "வாசலிலேயே கட்டி வைடா" என்கிறார். என்ன செய்யட்டும்?

ராணிப்பேட்டைக்காரர்:

வீட்டில் யார் பெரியவர் என்று நாய்க்குத் தெரியவேண்டும் தம்பி. செல்லம் அதிகமானால் இப்படித்தான். சங்கிலியை விடாதீர்கள், பாயும்போது ஒரு சுண்டு சுண்டுங்கள். நான் இரண்டு நாய்களை அப்படித்தான் வளர்த்தேன்.

காந்தி நகர் அக்கா, காட்பாடி:

தம்பி, அந்தச் சங்கிலியைப் பரணில் போட்டுவிடுங்கள். ராணிப்பேட்டை ஐயா அக்கறையில்தான் சொல்கிறார், ஆனால் இந்த நாய்க்கு அது ஆகாது. என்னிடம் இப்போது மூன்று இருக்கின்றன, மூன்றும் தெருவிலிருந்து வந்தவை. ஒன்று ராகி மாதிரியே இருந்தது.

ராகிக்குத் திமிர் கிடையாது, பயம். அவள் கணக்கைப் பாருங்கள்: குரைத்தேன், பைக் போய்விட்டது. பைக் எப்படியும் போகத்தான் போகிறது என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? தினம் இரண்டு வேளை அதே பாடத்தைப் படிக்கிறாள், அதனால்தான் கூடுகிறது. சங்கிலி இறுகியபோது பயம் போகவில்லை. பைக் வந்தால் கழுத்தும் வலிக்கும் என்று சேர்த்துப் படித்துக்கொண்டாள். உறுமலை அடக்கி வைத்த நாய் பிறகு எச்சரிக்கையே இல்லாமல் கடிக்கக்கூடும்.

ஒரு வாரம் தெருவே வேண்டாம். பெரிதாகப் பயந்த நாயின் உடம்பு தணிய இரண்டு மூன்று நாள்கூட ஆகும், அதற்குள் நீங்கள் மறுபடி கிளறிவிடுகிறீர்கள். சாயங்காலம் மொட்டை மாடியில் பழைய லுங்கியை விரித்து, வேகவைத்த கோழித் துண்டுகளை உள்ளே வைத்துச் சுருட்டுங்கள், மோந்து பிரிக்கட்டும். மூக்கால் தேடுகிற நாய் தானாகத் தணியும். உப்பு, மசாலா, வெங்காயம், எலும்பு எதுவும் கூடாது.

அடுத்தது இடம். கோட்டை மைதானப் பக்கம் போகாதீர்கள், காலையில் அங்கே கூட்டம். உங்களுக்குப் பாலாறு பக்கம்தானே? தண்ணீர் இல்லாத நாளில் விடிகாலை 5:30-க்கு, ஆற்றுப் பாலம் தூரத்தில் தெரிகிற மாதிரி மணலில் நில்லுங்கள். வண்டிகள் மேலே போகும், சத்தம் லேசாகக் கேட்கும். பாலத்தைப் பார்த்துக் காதை நிமிர்த்துவாள். பார்த்த பிறகு, குரைப்பதற்கு முன், ஒரு துண்டு கோழி. வண்டி போனதும் கோழி நின்றுவிட வேண்டும். வரிசை மாறக்கூடாது: முதலில் வண்டி, பிறகுதான் கோழி. நீங்கள் முன்கூட்டியே கோழி வைத்த பையில் கையை விட்டால், கோழி வந்தாலே ஏதோ ஆபத்து வருகிறது என்று பிடித்துக்கொள்வாள்.

நீட்டிய கோழியைத் தொடவில்லை என்றால் பசியில்லை என்று நினைக்காதீர்கள். ரொம்பக் கிட்டே நிற்கிறீர்கள், பின்னால் போங்கள். உதட்டை நக்குவது, தூக்கமில்லாமல் கொட்டாவி விடுவது, கடைக்கண் வெள்ளை தெரியப் பார்ப்பது, இதெல்லாம் குரைப்புக்கு முன்னாலேயே வந்துவிடும். அதைப் பார்க்கக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. பத்து நிமிடம் போதும், கோழி சாப்பிடும் நிலையிலேயே வீட்டுக்குத் திரும்புங்கள்.

எதிர்பாராமல் வண்டி கிட்டே வந்துவிட்டால் கயிற்றை இழுக்காதீர்கள். வீட்டுக்குள் "வா வா" என்று குஷியாகச் சொல்லித் திரும்பி நடந்து, கூட வந்தால் கோழி கொடுத்துப் பழக்கி வையுங்கள். தெருவில் அது கைகொடுக்கும். நிற்கிற ஆட்டோவுக்குப் பின்னால் மறைந்துகொண்டாலும் சரி.

பெல்ட்டை மட்டும் நம்பாதீர்கள். பின்னால் நகர்ந்து தலையை உருவுவது பயந்த நாய் எல்லாம் செய்யும். மார்பில் ஆங்கில ஒய் எழுத்து மாதிரி வரும் ஹார்னஸ், அதாவது உடம்பைச் சுற்றி மாட்டும் வார், வாங்கி, அதையும் பெல்ட்டையும் சேர்த்துக் கயிற்றில் மாட்டுங்கள். கயிறு 3 மீட்டர் இருக்கட்டும். பொத்தானை அழுத்தினால் நீளும் வகை வேண்டாம்.

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர், குடியாத்தம்:

காந்தி நகர் அம்மா சொன்னது சரி. நான் சொல்ல ஒன்று பாக்கி. உடைந்த கால் சேர்ந்துவிட்டது என்பதும் வலி இல்லை என்பதும் ஒன்றல்ல. வலியுள்ள பிராணி யாரையும் கிட்டே விடாது. படுத்து எழும்போது முதல் நாலைந்து அடியைக் கவனியுங்கள். உண்ணிக் காய்ச்சல் உண்டா என்று ரத்தமும் பார்த்துவிடுங்கள். பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் என்று நம் வீட்டு மாத்திரை எதையும் கொடுத்துவிடாதீர்கள், அது உயிருக்கே ஆபத்து. பயம் மிக அதிகமானால் அதற்கும் டாக்டர் எழுதிக் கொடுக்கும் மருந்து இருக்கிறது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மாலை 5 மணி நடையை விடுங்கள். நம் ஊர் வெயிலில் தார் அப்போதும் கொதிக்கும். புறங்கையை ரோட்டில் 7 விநாடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. எங்கள் ஊரில் வைகாசி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, உங்கள் பக்கம் பாலாற்றங்கரையில் மயானக் கொள்ளை, இந்த நாட்களில் மேளமும் வெடியும் இருக்கும். முதல் நாளிலிருந்தே வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

சத்துவாச்சாரி தம்பி:

எல்லாருக்கும் நன்றி. அக்கா, ஒரு சந்தேகம். தெரு நாய்கள் சூழ்ந்துகொண்டால் கல் எடுக்காமல் எப்படிச் சமாளிப்பது?

காந்தி நகர் அக்கா, காட்பாடி:

கல்லுக்குக் குனியவே குனியாதீர்கள். அவள் ஏன் குனிந்தால் நடுங்குகிறாள் என்று நினைக்கிறீர்கள்? தெருவில் இருந்த காலத்தில் குனிந்தவர் எல்லாரும் கல்லோடுதான் நிமிர்ந்திருப்பார்கள். ஓடாதீர்கள். கைநிறைய பிஸ்கட்டை அந்த நாய்களுக்குப் பின்னால் விழும்படி வீசிவிட்டு, வேறு பக்கம் மெதுவாக நடங்கள். எந்தக் கூட்டம் எந்தத் தெருவில் என்று ஒரு நாள் தனியாகப் போய்ப் பார்த்துவைத்துக்கொண்டு, அந்த வழியைத் தவிருங்கள். யாருக்காவது பல் பட்டுவிட்டால், உங்களுக்கே ஆனாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

குனிகிற பயத்துக்கும் அதே வழிதான். வீட்டுக்குள் தள்ளி நின்று கொஞ்சம் முதுகை வளையுங்கள், நிமிர்ந்ததும் கோழியை அவள் பக்கம் உருட்டிவிடுங்கள். நாளுக்கு நாலைந்து தடவைக்கு மேல் வேண்டாம்.

சத்துவாச்சாரி தம்பி, ஆறு வாரம் கழித்து:

டாக்டர் தொடையை அழுத்தியதும் ராகி திரும்பி அவர் கையைப் பார்த்தாள். குரைக்கவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான். உள்ளே வலி இருக்கிறது என்று மருந்து எழுதினார். மருந்து ஆரம்பித்த பத்து நாளில், எழுந்ததும் நொண்டுவது நின்றது.

ஆற்றில் முதல் நாள் பாலத்திலிருந்து நூறு மீட்டர் தள்ளி நின்றும் கோழியைத் தொடவில்லை. இன்னும் பின்னால் போனோம். இப்போது அதில் பாதித் தூரத்தில் நிற்கிறோம். லாரி போனால் பாலத்தைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள், எங்கே என் பங்கு என்கிற மாதிரி. நடுவில் ஒரு நாள் கல்யாண ஊர்வலத்தில் சரவெடி. திரும்பவும் கட்டிலடி. மூன்று நாள் மாடியோடு நிறுத்திக்கொண்டேன், நாலாம் நாள் அவளே கேட் பக்கம் வந்து நின்றாள்.

தெருவில் புல்லட் கிட்டே வந்தால் இன்னும் பாய்கிறாள், அதனால் தெருவுக்குள் நடத்துவதில்லை. கேட்டிலிருந்தே வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆற்றுக்குப் போகிறோம். நின்றுகொண்டிருந்த வண்டியில் கோழி கொடுத்தே ஏறப் பழக்க பதினாறு நாள் ஆனது. கட்டிப்போடச் சொன்ன அம்மாதான் இப்போது 5 மணிக்கு எழுந்து கோழியை டிபன் பாக்ஸில் போட்டு வைக்கிறார்.

நேற்று மணலில் செருப்பு வார் கழன்றது. மறந்துபோய்ச் சட்டென்று குனிந்துவிட்டேன். நெஞ்சு திக்கென்றது. ராகி இரண்டடி பின்னால் போனாள், நின்றாள், அப்புறம் மெதுவாக வந்து என் கைக்குள் மூக்கை விட்டுத் தேடினாள். கையில் ஒன்றும் இல்லை. அங்கேயே உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தேன்.