யோகாசனம் ஐயாயிரம் வருடப் பழமையா? கல்லடிக் கடற்கரையில் கிளம்பிய கேள்வி

உப்போடைத் தம்பி:
மட்டக்களப்பு கல்லடிக் கடற்கரையில் விடியக் காலமை நடக்கும் யோகா வகுப்புக்கு இரண்டு மாதமாகப் போகிறேன். நேற்று சூரிய நமஸ்காரம் முடிந்ததும், "இது ஐயாயிரம் வருடத்துக்கு முந்திய பயிற்சி" என்றார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. சூரிய நமஸ்காரத்தை எல்லாருக்குமான உடற்பயிற்சியாகப் பரப்பியவர் மகாராஷ்டிரப் பக்கத்து ஔந்த் சமஸ்தான அரசர், அதுவும் 1920களில். நின்று, வளைந்து, ஒன்றன்பின் ஒன்றாகச் செய்கிற முறையில் பெரும்பகுதி 1930களில் மைசூர் அரண்மனையில் யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார் பொடியன்களுக்குப் பழக்கியது. அவரிடம் படித்த பி.கே.எஸ். ஐயங்காரும் பட்டாபி ஜோயிசும் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனார்கள். இன்னொரு மாணவி இந்திரா தேவி 1947-இல் ஹாலிவுட்டில் பள்ளியே தொடங்கினார். பழைய யோக சூத்திர நூலை எழுதிய பதஞ்சலியின் ஏறக்குறைய இருநூறு சூத்திரங்களில் ஆசனத்துக்குக் கிடைத்தது மூன்றுதான். அசையாமல், சுகமாக இருக்க வேண்டும் என்பதோடு அவர் நிறுத்திக்கொள்கிறார்.

காரைதீவு ரீச்சர்:
தம்பி, ஏன் பதஞ்சலியோடு நின்றுவிட்டீர்கள்? தமிழில் திருமந்திரம் இருக்கிறது. அதன் மூன்றாம் தந்திரம், அதாவது மூன்றாம் பகுதி, முழுக்க யோகம். எட்டு உறுப்புகள் கொண்ட அட்டாங்க யோகமும் அதில் வருகிறது. பத்திரம், கோமுகம், பங்கயம், கேசரி, வீரம், சுகாதனம் என்று ஆசனங்களுக்குப் பெயரே சொல்கிறார் திருமூலர். மூச்சுக்கும் கணக்கு உண்டு: உள்ளே இழுக்க 16 மாத்திரை (கண் இமைக்கும் அளவு நேரம்), நிறுத்த 64, விட 32. இதெல்லாம் எந்த அரண்மனையில் பழக்கியது? எங்கள் ஊரில் சித்தர் சித்தானைக்குட்டி சுவாமிகளின் சமாதி இருக்கிறது. அங்கே போய்க் கும்பிடுகிறவர்களிடம் யோகம் மைசூரில் தொடங்கியது என்று சொல்ல எனக்கு மனம் வராது.

உப்போடைத் தம்பி:
யோகம் மைசூரில் தொடங்கியது என்று நான் எழுதவில்லை ரீச்சர். கடற்கரையில் நாங்கள் செய்வதைப் பற்றித்தான் பேசுகிறேன். 15ஆம் நூற்றாண்டின் ஹடயோகப் பிரதீபிகை 15 ஆசனங்களை விவரிக்கிறது. மயூராசனம் இருக்கிறது, சவாசனம் இருக்கிறது. நின்று செய்வது ஒன்றுகூட இல்லை. எங்கள் வகுப்பில் பாதி நேரம் நிற்கிறோம்.

காரைதீவு ரீச்சர்:
அதே நூல், சிவன் சொன்ன 84 ஆசனங்களில் சிலதைத்தான் எடுத்துச் சொல்வதாகவே சொல்கிறது. எழுதாமல் விட்டதை இல்லாதது என்று எண்ணக் கூடாது. அதற்குப் பிந்திய கேரண்ட சம்ஹிதையில் ஒற்றைக் காலில் நிற்கும் விருட்சாசனம் வந்துவிடுகிறது. ஏன், மாமல்லபுரத்துப் பாறையில் ஒற்றைக் காலில் கை உயர்த்தி நிற்கும் தவசியைப் படத்திலாவது பார்த்திருப்பீர்களே. அது ஏழாம் நூற்றாண்டு.

உப்போடைத் தம்பி:
விருட்சாசனம் சரி, ஒத்துக்கொள்கிறேன். மாமல்லபுரத்தில் இருப்பது தவம். வரம் கேட்டு உடம்பை வருத்துகிறார். பதஞ்சலி சொன்ன "சுகமாக இரு" அதில் எங்கே? ஐயாயிரம் என்ற எண்ணுக்கு எல்லாரும் காட்டுவது மொகஞ்சதாரோ முத்திரை. காலை மடக்கி இருக்கும் ஓர் உருவம், மேலே எழுத்து. அந்த எழுத்தை இன்றுவரை யாரும் வாசித்து முடிக்கவில்லை.

வாவிக்கரை நானா, காத்தான்குடி:
இரண்டு பேரும் இந்தியாவை விட்டு வெளியே வரவில்லையே. 11ஆம் நூற்றாண்டிலேயே முஸ்லிம் அறிஞர் அல்பிரூனி பதஞ்சலியின் நூலை அரபியில் மொழிபெயர்த்துவிட்டார். 16ஆம் நூற்றாண்டில் குவாலியரைச் சேர்ந்த சூஃபி ஷெய்க் முஹம்மது கௌஸ், யோகிகளின் இருப்பு முறைகளையும் மூச்சுப் பயிற்சியையும் பாரசீகத்தில் நூலாக்கினார். யோகிகள் ஓதிய இடங்களில் அல்லாஹ்வின் திருநாமங்களை வைத்தார். பின்னாளில் முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் ஆன இளவரசர் சலீமின் அரண்மனையில் அந்த நூலுக்கு ஆசன ஓவியங்களே தீட்டினார்கள். இது எனக்கு வெறும் வரலாறு இல்லை. என் மனைவிக்கு முதுகு வலி, வகுப்புக்குப் போகலாமா என்று கேட்கிறா.

மருதமுனை மாணவன்:
நானா, 2008-இல் மலேசியாவின் ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) மன்றம் யோகாவைத் தடுத்ததே. அதையும் சொல்லுங்கள்.

வாவிக்கரை நானா:
சொல்கிறேன். உடலசைவும் மந்திரமும் வழிபாடும் சேர்ந்த முறையைத்தான் தடுத்தார்கள். மந்திரம் இல்லாத உடற்பயிற்சிக்குத் தடையில்லை என்று அன்றைய பிரதமரே விளக்கினார். 2017-இல் சவூதி அரேபியா அதை விளையாட்டாக ஏற்றுக்கொண்டது.

காரைதீவு ரீச்சர்:
உங்கள் மனைவி வரட்டும் நானா, யாரும் மறிக்க மாட்டார்கள். ஆனால் எனக்கு ஒரு மனக்குறை. இயமம், நியமம் என்ற ஒழுக்க விதிகளும் பிராணாயாமம் என்ற மூச்சுப் பயிற்சியும் எல்லாம் கழன்று, கடைசியில் முதுகு வலிக்கு மருந்தாக நிற்கிறது.

தம்பிக்கும் ஒன்று. வெளிநாட்டுக்கு யோகம் போனது மைசூர் வழியாக மட்டும் இல்லை. 1893-இல் சிகாகோ போன விவேகானந்தர் கொடுத்தது மூச்சும் தியானமும்தான், ஆசனத்தை அவர் பெரிதாக எண்ணவே இல்லை. ரிஷிகேசம் சிவானந்தரின் சீடர் சச்சிதானந்தர் 1953-இல் இலங்கைக்கு வந்து நம் திருகோணமலையில் ஆசிரமம் நடத்தினார். பிறகு அமெரிக்கா போய், 1969-இல் வுட்ஸ்டாக் இசைவிழாவில் லட்சக்கணக்கான இளம் ஆட்கள் முன்னால் இருந்து பேசினார். கிழக்கு மாகாணத்து மண்ணில் காலூன்றிப் போன வழி அது. அதை ஏன் விட்டுவிட்டுப் பேசுகிறீர்கள்?

உப்போடைத் தம்பி:
திருகோணமலைக் கதை எனக்குத் தெரியாது ரீச்சர், நன்றி. ஆனால் நீங்கள் சொன்னதே என் பக்கம் நிற்கிறது. விவேகானந்தர் கொண்டுபோனதில் ஆசனம் பெரிதாக இல்லை என்றால், இன்று யோகா என்று எல்லாரும் செய்வது அதற்குப் பிறகு வந்ததுதானே? மூச்சுக் கணக்கு பழையது, அதை ஒப்புக்கொள்கிறேன். அந்த 16, 64, 32 கணக்கை நாளைக்கு வகுப்பில் கேட்டுப் பார்க்கிறேன்.

காரைதீவு ரீச்சர்:
கேளுங்கள். ஆனால் 64 மாத்திரை மூச்சை அடக்குவதை வாசித்துவிட்டுத் தனியாகத் தொடங்க வேண்டாம். நானா, உங்கள் மனைவிக்குப் பிரஷர் இருந்தால் முதலில் டொக்டரிடம் கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.